காய்ச்சல் வருமுன்னே கணக்குப் பார்ப்போம்



"பறவைக் காய்ச்சல் மனுசனுக்கும் வரப்போவுதாமே, மறுபடியும் ஊரடங்கு போடுவாங்களா?" இந்தக் கேள்வி இப்போது லயத்து வாசலிலும் பெரட்டுக் களத்திலும் அடிபடுகிறது. கைப்பேசியில் யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு ராத்தூக்கம் இல்லாமல் கிடப்பவர்கள் உண்டு. "எல்லாந்தான் பாத்தாச்சு, வந்தா வரட்டும்" என்று கையை உதறிவிட்டு மரம் வெட்டப் போகிறவர்களும் உண்டு.

இரண்டுமே நமக்கு ஆகாது. பயந்து கிடப்பதாலும் நோய் நிற்காது, பாராமுகமாய் இருப்பதாலும் நிற்காது. வெள்ளம் வருமுன் அணை போடு என்றார்கள் பெரியவர்கள். அணை போட நம்மிடம் என்ன கல் இருக்கிறது, என்ன மண் இருக்கிறது என்று இந்த வாரம் கணக்குப் பார்ப்போம்.

பழைய கணக்கு

1918ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் முடியும் நேரம். நம் பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து மலாயா ரப்பர்க் காடுகளில் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம். அந்த ஆண்டு அக்டோபரில் கொள்ளைச் சளிக்காய்ச்சல் இந்த நாட்டைப் பிடித்து உலுக்கியது. சில வாரங்களுக்குள் முப்பதாயிரத்துக்கு மேல் உயிர்கள் போயின. இந்தியர்களிடையே சாவு மிக அதிகம். அதில் தோட்டத்து லயங்களில் இருந்த கூலிகள் பட்ட பாடு சொல்லி முடியாது. தாயகத்திலும் அதே கதி. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள்.

அந்தக் காய்ச்சல் கிழவர்களையும் குழந்தைகளையும் மட்டும் கொண்டுபோகவில்லை. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் உழைத்துச் சம்பாதிக்கும் ஆண் பெண்களை ஏராளமாக வாரிக்கொண்டு போனது. "நமக்கு உடம்புல தெம்பு இருக்கு, நமக்கு வராது" என்று சொல்லும் இளவட்டங்கள் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

அடுத்து 1957. மலாயா சுதந்திரம் வாங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஆசியச் சளிக்காய்ச்சல் வந்தது. அந்தக் கிருமிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலேயே சிங்கப்பூர் இருக்கிறது. நமக்குப் பக்கத்து வீட்டில்தான் அதைப் பிடித்து ஆராய்ந்தார்கள். பிறகு 1968இல் ஹாங்காங் காய்ச்சல். அதற்குப் பிறகு 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று பேசப்பட்ட எச்1 என்1. அது மலேசியாவில் எழுபதுக்கு மேற்பட்டவர்களைப் பலி கொண்டது.

1918, 1957, 1968, 2009. இடைவெளியைப் பாருங்கள்: 39 வருஷம், 11 வருஷம், 41 வருஷம். வட்டிக்காரனுக்காவது தவணைத் தேதி உண்டு, இந்த நோய்க்கு அது கிடையாது. அடுத்தது எப்போது என்று ஆரூடம் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். வரும் என்பது மட்டும்தான் நிச்சயம்.

பறவைக் காய்ச்சல் விஷயம் என்ன?

இப்போது எல்லாரும் பயப்படுவது எச்5 என்1 என்ற கோழிக் காய்ச்சலுக்கு. 1997இல் ஹாங்காங்கில் 18 பேரைப் பிடித்து 6 பேரைக் கொன்றது. 2003 முதல் இதுவரை உலகம் முழுவதும் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களுக்கு வந்திருக்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. நம் நாட்டில் 2004இல் கிளந்தானில் கோழிகளுக்கு வந்தது. மனிதருக்குத் தொற்றவில்லை. 2024இல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கும் தாவியதால்தான் உலகம் மறுபடி கவலைப்படத் தொடங்கியது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இந்தக் கிருமி மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் வல்லமையை இன்னும் பெறவில்லை. நோய் கண்ட கோழியையோ வாத்தையோ தொட்டவர்களுக்கே பெரும்பாலும் வந்திருக்கிறது.

அதனால் வீட்டுப் பின்னால் நாட்டுக்கோழி வளர்க்கும் நம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கோழிகள் திடீரென்று வரிசையாகச் செத்து விழுந்தால், "வீணாப் போவுதே" என்று அறுத்துக் குழம்பு வைக்காதீர்கள். ஆற்றிலும் கால்வாயிலும் வீசாதீர்கள். வெறுங்கையால் தொடாமல், பிள்ளைகளை விலக்கி வைத்து, கால்நடைச் சேவை இலாகாவுக்குச் சொல்லுங்கள். நன்றாக வெந்த கோழியும் முட்டையும் சாப்பிடுவதால் பயமில்லை.

ஜொகூர் கண்ட பாடம்

கொள்ளை நோய் எப்படி இருக்கும் என்று வேறு யாரும் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவிட் சளிக்காய்ச்சல் கிருமி அல்ல, வேறு ஜாதிக் கிருமி. ஆனால் பரவும் வழியும் நம் வாழ்க்கையைப் புரட்டும் விதமும் ஒன்றுதான். 2020 ஜனவரி 25ஆம் தேதி மலேசியாவின் முதல் கோவிட் நோயாளிகள் என்று அறிவிக்கப்பட்டவர்கள், சிங்கப்பூர் வழியாக ஜொகூர் பாருவுக்கு வந்திருந்த பயணிகள்தான். மார்ச் 18ஆம் தேதி நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு. மார்ச் 27ஆம் தேதி, நாட்டிலேயே முதன்முதலாக முள்கம்பி போட்டு முழுதாக அடைக்கப்பட்ட இடம் நம் சிம்பாங் ரெங்கம் பக்கத்துக் கம்பங்கள்தான். ஏறத்தாழ 3,500 பேர் வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல், அரசாங்கம் கொண்டுவந்து கொடுத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள்.

தோட்டத்தை விட்டு மாசாய், பாசீர் கூடாங், ஸ்கூடாய் என்று குடியேறிய நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்தார்கள். பாலத்தை மூடினார்கள். அங்கே மாட்டிக்கொண்டவர்கள் பெற்றவர் முகம் பார்க்காமலும், இங்கே மாட்டிக்கொண்டவர்கள் சம்பளம் பார்க்காமலும் தவித்தார்கள். எல்லை மறுபடி முழுதாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆயிற்று. நாட்டில் கோவிட் கொண்டுபோன உயிர்கள் 37,000க்கு மேல்.

அப்போது குடும்பத்தைக் காப்பாற்றியது எது? ஊழியர் சேமநிதிப் பணம்தான். நான்கு சிறப்புத் திட்டங்களில் 81 லட்சம் சந்தாதாரர்கள் மொத்தம் 14,500 கோடி வெள்ளியை எடுத்தார்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே! ஆனால் எடுத்தது எடுத்ததுதான். அடுத்த தடவை வந்தால் எடுப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? கிருமியைவிட இந்தக் கேள்விதான் எங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

காய்ச்சலை மறைப்பவன் யார்?

எங்கள் அனுபவத்தில், காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருபவன் பொறுப்பில்லாதவன் அல்ல, கடன்காரன். இன்று குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் கணக்கில் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஐந்து நாள் படுத்தால் 320 வெள்ளிக்கு மேல் போய்விடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, இரண்டு மாத்திரையை முழுங்கி, மற்றவர்களோடு வண்டியில் நெருக்கியடித்து ஏறுகிறான். சளிக்காய்ச்சல் கண்டவனிடமிருந்து, உடம்பு சுடுவதற்கு முதல் நாளே கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். ஒரு வண்டியில் ஒருவன் இருமினால் போதும், மறுவாரம் பாதி நிரையில் மரம் வெட்ட ஆளிருக்காது.

இதற்குச் சட்டத்தில் மருந்து இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்கு உட்பட்டவருக்கு 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் அது தனியாக 60 நாள். டாக்டர் சான்று வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வேலைக்கு வராமல் நின்றதாக எழுதிவிடுவார்கள், ஜாக்கிரதை! நாள் கூலி, துண்டுக் கூலி என்று சொல்லித் தட்டிக்கழிக்க யாருக்கும் உரிமை இல்லை. காண்ட்ராக்டரிடம் வேலை செய்பவர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்து வைக்கலாம்?

ஒரே நாளில் கடையைக் காலி செய்து மூட்டை மூட்டையாக அடுக்கச் சொல்லவில்லை. அது பக்கத்து வீட்டுக்காரன் வயிற்றில் அடிப்பது. சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, கருவாடு, குழந்தை இருந்தால் பால் மாவு. பழையதை முதலில் எடுத்துப் புழங்கி, புதியதைப் பின்னால் வையுங்கள்.

இனிப்பு நீர், ரத்தக்கொதிப்பு, இழுப்பு உள்ளவர்கள் மாத்திரை தீரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போய் வாங்கி வையுங்கள். நம் இனத்தில் இனிப்பு நீர் இல்லாத வீடு அபூர்வம். சளிக்காய்ச்சல் மோசமாகத் தாக்குவதும் அவர்களைத்தான். சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டிய ஒன்று. வயதானவர்கள், நீண்ட நாள் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் அரசாங்கக் கிளினிக்கில் இதைக் கேளுங்கள். 2025 அக்டோபரில் நாடு முழுக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 6,000 மாணவர்கள் சளிக்காய்ச்சலில் படுத்ததை மறக்க வேண்டாம். அது சாதாரணக் காய்ச்சல்தான், கொள்ளை நோய் அல்ல. அதற்கே பள்ளிகளை மூட வேண்டி வந்தது.

அடையாளக் கார்டு நகல், பிறப்புப் பத்திரம், சேமநிதி, சொக்சோ தாள்கள், கிளினிக் கார்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். அப்பனும் அம்மாவும் ஒன்றாகப் படுத்துவிட்டால் பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்று இப்போதே பேசி வையுங்கள்.

நோயாளியை ஒதுக்கி வைப்பது நமக்குப் புதிதா? அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை சொருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டான். நோயாளிக்குத் தனிப் பாய், தனிப் பாத்திரம். பார்த்துக்கொள்ள ஒரே ஆள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்தக் கட்டுப்பாட்டை நம் பாட்டிமார் கடைப்பிடித்தார்கள். காய்ச்சலுக்கும் அதே கட்டுப்பாடுதான். சன்னலோரம் படுக்க வையுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், முகக்கவசம் போடுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இஞ்சி, மிளகு, பூண்டு ரசம் தொண்டைக்கு இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் அது கிருமியைக் கொல்லும் என்று கைப்பேசியில் வருவதை நம்பிக் கிளினிக் போகாமல் இருந்துவிடாதீர்கள். மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாய்ந்தால், பேச்சுக் குழறினால், குழந்தை பால் குடிக்க மறுத்தால், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

நிர்வாகம் செய்ய வேண்டியது

எல்லாப் பாரத்தையும் தொழிலாளி தலையில் ஏற்ற நாங்கள் தயாராக இல்லை. தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டம் 1990இலிருந்து இருக்கிறது. 2019இல் திருத்தி, 2020 ஜூனில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். எத்தனை ஆளை ஓர் அறையில் அடைக்கலாம் என்பதற்கு அதில் அளவு உண்டு. கக்கூசுக்கும் குளியலறைக்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு. கோவிட் வந்த பிறகுதான் பல இடங்களில் அதிகாரிகள் கொங்சிக் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். அடுத்த நோய் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்கலாமா?

இன்று ஜொகூர்த் தோட்டங்களில் நம்மோடு சேர்ந்து குலை வெட்டுகிறவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் ஏராளம். கிருமி பெர்மிட் கேட்காது. 2020 மே 1ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்றே, கோலாலம்பூரில் நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் புகுந்து பத்திரம் இல்லாதவர்களைப் பிடித்தார்கள். பிடிபடுவோம் என்ற பயம் உள்ளவன் காய்ச்சலோடு காட்டுக்குள் ஒளிவானே தவிர, கிளினிக்குக்கு வரமாட்டான். அவன் ஒளிந்தால் ஆபத்து நம் பிள்ளைகளுக்கும்தான். ஆகவே அவர்களைத் தள்ளி வைத்துப் பேசுவதை நிறுத்துவோம்.

இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் நான்கு விஷயங்களை எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். காய்ச்சல் கண்டவரை வேலைக்கு வா என்று மண்டோர் வற்புறுத்தக் கூடாது. ஒவ்வொரு வேலைக்காட்டிலும் தண்ணீரும் சோப்பும் இருக்க வேண்டும். ஆள் ஏற்றும் வண்டியில் அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஒரு காலி வீட்டை நோயாளிகளுக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். நகலில் நிர்வாகத்தின் கையெழுத்து வாங்கிச் சங்கக் கிளையில் வையுங்கள். வாய்ப்பேச்சு நாளைக்குச் சாட்சிக்கு நிற்காது.

கூடவே உங்கள் தோட்டத்தில் தனியாக இருக்கும் கிழவர் கிழவியர், கர்ப்பிணிகள், நோயாளிகள் பெயரை எழுதி, யார் யாரைக் கவனிப்பது என்று வீடு வீடாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு சாயங்காலமும் போதும். அடுத்த ஞாயிறு, கோவில் பூசை முடிந்ததும் உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.