சைன் ஆன், சைன் ஆஃப்

ஒரு வினைச்சொல்லோடு ஆன், ஆஃப், அப், அவுட், ஓவர் போன்ற குட்டிச்சொல் ஒன்று ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து ஒரே வினையாக நிற்பது ஆங்கிலத்தில் அன்றாட வழக்கம். பள்ளிக்கூடத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்று சொல்லித்தருவது இதைத்தான். தமிழில் கூட்டுவினை எனலாம். கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. ஆனால் கிவ் அப் என்றால் கைவிடுவது. கிவ் இன் என்றால் பணிந்துபோவது. கிவ் அவே என்றால் இனாமாகக் கொடுத்துவிடுவது; இடம் பார்த்து, காட்டிக்கொடுப்பதும் அதுவே.

1755-இல் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனே தம் முன்னுரையில், அயலார் மிகவும் திணறும் இடம் இது என்று எழுதிவைத்தார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் பரவியது 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலால். பெயர் புதிது, பிரச்சினை பழையது.

இந்தக் குட்டிச்சொற்கள் எங்கிருந்து பொருள் பெறுகின்றன என்று பார்க்கத் துறைமுகத்தைவிட நல்ல இடம் கிடையாது. தூத்துக்குடியில் கப்பல் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில் 'தம்பி சைன் ஆன் பண்ணிட்டான்', 'மார்ச்ல சைன் ஆஃப்' என்பது சாதாரணப் பேச்சு. கப்பலில் ஏறும்போது மாலுமி ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்து அவரைக் கப்பல் கணக்கில் ஏற்றுகிறது. இறங்கும்போது போடும் கையெழுத்து கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. ஆன் என்றால் மேலே ஏறியிருப்பது, ஆஃப் என்றால் விலகியிருப்பது. இங்கே இரண்டும் கண்ணால் பார்க்கக்கூடிய சங்கதிகள். வானொலி அறிவிப்பாளர் நிகழ்ச்சியை முடித்துக்கொள்வதற்கும், அதிகாரி ஓர் அறிக்கைக்கு இறுதி ஒப்புதல் தருவதற்கும் இதே சைன் ஆஃப் பயன்படும்போதுதான் படிப்பவருக்குத் தலை சுற்றுகிறது.

கப்பலைத் துறையில் கயிற்றால் கட்டும்போது கேட்கும் கட்டளைகளும் இப்படித்தான். பல நாட்டு மாலுமிகளும் தவறாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் கடல்வழிப் பேச்சுக்கான தரப்படுத்திய ஆங்கிலத் தொடர்களை ஏற்றுக்கொண்டது. வேண்டுமென்றே எளிமையாக்கிய ஆங்கிலம் அது. அதிலும் கூட்டுவினைகளைத் தவிர்க்க முடியவில்லை. ஹீவ் அவே என்றால் கயிற்றை இழுத்துக்கொண்டே இரு. ஸ்லாக் அவே என்றால் தளர்த்திக்கொண்டே போ. அவே என்பதற்குத் தூரமாக என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார். ஒரு செயல் நிற்காமல் நடப்பதை அந்தச் சொல் காட்டுகிறது. தமிழில் 'கொண்டே' செய்யும் வேலை.

கடலிலிருந்து கரையேறி வேறு பொருளுக்குப் போன கூட்டுவினைகளும் உண்டு. டைட் ஓவர் என்பது பாய்மரக் காலத்துச் சொல். காற்று இல்லாதபோது நீரோட்டம் சாதகமாக இருக்கும் வரை அதன் போக்கில் போய், எதிராகத் திரும்பினால் நங்கூரம் போட்டுக் காத்திருந்து, மறுபடி நகர்வது. இன்று ஆங்கிலச் செய்தித்தாளில் நிறுவனங்கள் நெருக்கடியை டைட் ஓவர் செய்கின்றன. அந்த வரியை எழுதுபவர் கடலை நினைப்பதில்லை. மகளைக் கரைசேர்த்துவிட்டேன் என்று சொல்லும் தகப்பன் தோணியை நினைக்காதது போலத்தான்.

தமிழருக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் புதிதல்ல. ஆங்கிலம் வினைக்குப் பின்னால் குட்டிச்சொல்லை வைக்கிறது; தமிழ் துணைவினையை வைக்கிறது. ரைட் டவுன், ரைட் அவுட், ரைட் அப், ரைட் ஆஃப் என்ற வரிசையைப் பார்த்து மலைப்பவர், எழுதிவை, எழுதிக்கொள், எழுதிக்கொடு, எழுதித்தள்ளு என்ற வரிசையை யோசிக்காமல் பேசுகிறார். ஒன்றுக்கு ஒன்று நேராகப் பொருந்தாது; வேலை ஒரே மாதிரியானது. ஈட் அப் என்பதில் உள்ள அப், தின்று தீர்த்தான் என்பதில் உள்ள தீர். காட்டிக்கொடு என்பதைப் பிரித்துப் பொருள் பார்க்கும் வெள்ளைக்காரருக்கு அதில் துரோகம் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

முத்துக்குளித்தல் இன்னும் நல்ல உதாரணம். மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிப் பகுதியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை, சொல் இருக்கிறது. குளி என்றால் நீராடு என்று மட்டும் அறிந்தவருக்கு இது முத்தைக் குளிப்பாட்டுவதாகத் தோன்றும். நீரில் மூழ்கு என்ற குளியின் பழைய பொருள் இந்தக் கூட்டில் தங்கிவிட்டது. ஆங்கிலக் கூட்டுவினைகளிலும் சில புதிர்கள் இப்படிப்பட்டவைதான்: தனியாக வழக்கிழந்த பொருள் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும்.

இதே கரையில் ஒருவர் எதிர்த்திசையில் இந்தப் பாடுபட்டார். போர்ச்சுகலிலிருந்து வந்த பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் முத்துக்குளித்துறையில் தங்கித் தமிழ் கற்றார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணங்களில் அவருடையதும் ஒன்று. தமிழ் வினைகளின் திரிபுகளை அதில் போர்த்துகீசிய விளக்கத்தோடு பொறுமையாக அடுக்கினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவர் பெயர்த்ததே.

பொருள் பிடிபட்ட பிறகும் இடறுவது சொல் வரிசையில். கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டுமானால் புட் ஆஃப் த மீட்டிங் என்றும் சொல்லலாம், புட் த மீட்டிங் ஆஃப் என்றும் சொல்லலாம். மீட்டிங் என்பதை 'அது' என்று சுருக்கிவிட்டால் ஒரே வழிதான்: புட் இட் ஆஃப். லுக் ஆஃப்டர் போன்றவை பிரியவே மாட்டா; புட் அப் வித் போல மூன்று சொல் சேர்ந்தவையும் அப்படியே நிற்கும்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தை மாலுமியின் சிடிசி என்னும் பணிப்பதிவுப் புத்தகத்திலேயே காணலாம். வாயில் சைன் ஆன், சைன் ஆஃப். புத்தகத்திலோ அந்தத் தேதிகளுக்கு என்கேஜ்மெண்ட், டிஸ்சார்ஜ் என்று பிரெஞ்சு வழிவந்த கனமான சொற்கள். புட் ஆஃப் - போஸ்ட்போன், கால் ஆஃப் - கேன்சல் எல்லாம் இந்த மாதிரி ஜோடிகள். அதற்காகக் கூட்டுவினை என்றாலே கொச்சை என்று ஒதுக்குவது தவறு. ஆய்வறிக்கையும் தீர்ப்பும் கேரி அவுட் இல்லாமல் நகராது.

தமிழ்ப் பேச்சுக்குள் வரும்போது கூட்டுவினை தன் வினைத்தன்மையை இழந்துவிடுகிறது. தமிழ் அதைப் பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டு, ஒருவர் செய்தால் பண்ணு, தானாக நடந்தால் ஆகு என்று தன் வினையை மாட்டுகிறது. சுவிட்ச் ஆஃப் பண்ணினான். சுவிட்ச் ஆஃப் ஆயிடுச்சு. போன் 'சுவிட்ச் ஆஃப்ல இருக்கு' என்று வேற்றுமை உருபும் ஏறிவிடும். அரசு அலுவலகத்தில் கோப்பு மேலதிகாரியின் மேசைக்குப் போவது 'புட்டப் பண்றது'. கட்ஆஃப் என்றால் மே, ஜூனில் பொறியியல் கலந்தாய்வு மதிப்பெண். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கோ ஆண்டு முழுவதும் அது ஒரு நேரம். அதற்குள் பெட்டி உள்ளே போகாவிட்டால் அந்தக் கப்பலில் இடமில்லை.

இந்திய ஆங்கிலம் சிலவற்றைத் தன் போக்கில் மாற்றியும் வைத்திருக்கிறது. கோப் அப் வித் என்பதில் அப் வேண்டியதில்லை. கோப் வித் போதும். பாஸ் அவுட் வேறு கதை. இங்கே கல்லூரிப் படிப்பை முடித்தவர் எல்லோரும் பாஸ் அவுட். பிரிட்டனில் அந்தப் பொருள் ராணுவம், காவல் போன்ற பயிற்சி நிலையங்களில் முடித்து வெளியேறுபவருக்கு மட்டும். மற்றபடி அதற்கு மயங்கி விழுவது என்று பொருள். கப்பல் நேர்காணலுக்குப் போகிற பிள்ளைகள், எந்த வருடம் படிப்பை முடித்தாய் என்று வெளிநாட்டு அதிகாரி கேட்டால், கிராஜுவேட் என்ற சொல்லையே பயன்படுத்தட்டும்.