நிற்கையில் அணையும் யந்திரம்

மோட்டார் வண்டிக்கு நேரும் குறைகளுள், ஓடுகையில் செவ்வனே ஓடி, நிறுத்துகையில் யந்திரமும் உடன் அணைந்துவிடுதல் ஒன்று. திண்டுக்கல்லினின்று நத்தம் செல்லும் சாலையில் விரைந்து வரும் வாடகைக் கார், சாணார்பட்டியில் பஸ்ஸுக்கு வழிவிட நின்றதும் அடங்கிவிடும். மீண்டும் முடுக்கினால் ஓடும். ஆக்ஸிலேட்டரினின்று காலை எடுத்தால் மீண்டும் அணையும். இக்குறை எதனால் வருவது, எம்முறையால் நீங்குவது என்பவற்றைப் பெட்ரோல் வண்டியளவில் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

யந்திரம் இயங்கக் காற்று, பெட்ரோல், உரிய காலத்தில் ஒரு தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரியக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு எடை வேண்டும். வண்டி நிற்க, யந்திரம் மட்டும் மெல்லச் சுழல்வதனை மெக்கானிக்குகள் ‘ஐடிலிங்’ என்பர். அப்பொழுது நிமிஷத்திற்குச் சுமார் 800 சுற்றே உண்டு. காற்று புகும் வாயிலின் வட்டத்தகடு ஏறக்குறைய முற்றும் மூடிக்கொள்ள, நுண்ணிய வழியொன்றே மூச்சுவிடத் துணையாகின்றது. ஆயிரம் ரூபாய் உடையவன் பத்து ரூபாய் இழந்தால் வருந்தான். பதினைந்தே உடையவனுக்கு அவ்விழப்புப் பேரிழப்பாம். அவ்வாறே, விரைவில் புலப்படாத சிறு குறை ஐடிலிங்கில் யந்திரத்தை அணைத்துவிடுகின்றது.

ஆதலின் முதற்கண் செய்யத்தக்கது, எப்பொழுது அணைகின்றது என நோக்குதலே. யந்திரம் குளிர்ந்திருக்கையில் மட்டும் அணைந்தால், குளிரில் பெட்ரோலை மிகுவிக்கும் சோக்கு முதலியவற்றை ஐயுறுக. குளிர்சாதனத்தைப் போட்டவுடன் அணைந்தால், அச்சுமைக்கேற்பக் காற்றை மிகுவிக்கும் உறுப்பை நோக்குக. பிரேக்கை மிதித்தவுடன் அணைந்தால், பிரேக்குக்கு உதவும் வெற்றிடக் கலத்திலோ அதன் ஹோஸிலோ காற்றுக் கசிவு இருத்தல் கூடும்.

பின்னர், செலவில்லாத சோதனையினின்று தொடங்குக. ஏர் பில்டரில் தூசி அடைந்துளதா எனக் காண்க. யந்திரம் ஓடுகையில் ‘உஸ்’ என்னும் ஒலி கேட்குமாயின், ரப்பர் ஹோஸ் எங்கேனும் வெடித்திருக்கும். ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிடித்து, எதனைப் பிடிக்கையில் ஓட்டம் மாறுகின்றது என்று அறியலாம். கசிவைக் காணப் பெட்ரோலைத் தெளித்தல் தீயை அழைத்தலாகும், அது வேண்டா. அதன்பின் பிளக்குகளைக் கழற்றி நோக்குக. கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகையென்றும், வெளுத்திருப்பின் குறைவென்றும் பெரும்பாலும் கொள்ளலாம்.

இனி, பழைய வண்டியும் புதிய வண்டியும் வேறுபடும் இடத்திற்கு வருவாம். 1893-இல் ஜெர்மானியராகிய வில்ஹெல்ம் மைபாக் என்பார், பெட்ரோலைத் துளித்துளியாகச் சிதறிக் காற்றொடு கலக்கும் கார்புரேட்டரை அமைத்தார். வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பெற்ற அம்பாஸிடரின் பழைய வண்டிகளில் அவ்வினக் கருவியே இருந்தது. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் ஜெட்டின் துளை ஊசிமுனையளவினது. ஒரு துகள் அடைத்தாலும் யந்திரம் அணையும். அதனைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவிக் காற்றடித்து ஊதுதல் வேண்டும். கம்பியால் குத்தின் துளை பெருத்து, குறை நிலைத்துவிடும்.

புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து தெளிக்கின்றது. அவற்றில் வட்டத்தகட்டின் விளிம்பிற் கரி படிந்து நுண்வழி அடைபடுதல் பெரிதும் காணப்படும் காரணம். அதற்கென விற்கும் திரவத்தால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். மின்சாரத்தால் அசையும் தகட்டைக் கையால் நெம்புதல் ஆகாது. எச்சரிக்கை விளக்கு எரியின் ஸ்கேனர் வைத்துக் குறியீட்டை அறிந்த பின்னரே உறுப்பை மாற்றுக. குறியீடு ஐயத்தைக் காட்டுமேயன்றி, முடிந்த தீர்ப்பன்று.

இத்துணையும் செய்யாது, கார்புரேட்டரின் திருகைத் திருப்பி ஓட்டத்தை உயர்த்திக்கொள்வார் பலர். யந்திரம் அணையாது, ஆயினும் குறை அகன்றிலது, மறைந்ததே. பெட்ரோல் நின்ற இடத்திலும் வீணே எரியும். வாடகை வண்டியால் குடும்பம் காப்பாருக்கு அது நாடோறும் பெருகும் இழப்பு.

இழப்பினும் பெரியது அபாயம். நத்தம் சாலையினின்று பிரிந்தேறும் சிறுமலைப் பாதையில் 18 கொண்டையூசி வளைவுகள் உள. இறங்குகையில் வளைவிற் கிளச்சை மிதித்த கணமே யந்திரம் அணையின், பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் சில மிதிகளிலேயே தீரும். அதன்பின் பிரேக்கு கல்லெனக் கடினமாகும். பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். அந்நிலையிற் பிரேக்கை விட்டுவிட்டு மிதியாது, ஒரே மூச்சாய் அழுத்திப் பிடித்து நிறுத்துதல் வேண்டும்; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளுமாகலின், ஓடும் வண்டியிற் சாவியை எடுத்தல் கூடாது. குறை நீங்கும்வரை மலை ஏறாதிருத்தலே அறிவுடைமை.

ஒரு வேளைக்கு ஒன்றனையே மாற்றி, ஓட்டிப் பார்த்து, அதன் பின்னரே அடுத்ததற்குச் செல்க. மூன்றனை ஒருங்கே மாற்றினவர்க்கு வண்டி ஓடினும், எதனால் ஓடிற்று என்பது விளங்காது. மீண்டும் நின்றால் முதலிலிருந்தே தொடங்க நேரும்.