மையமும் வழங்கியும்: மெய்நிகராக்க முகாமையில் அதிகாரக் கைமாற்றம்

ஒரு வழங்கியின் செயலியையும் நினைவகத்தையும் பல மெய்நிகர்க் கணினிகளுக்குப் பகிர்ந்தளிப்பதே மெய்நிகராக்கம். இத்தகைய வழங்கிகள் பெருகியபோது அவற்றை ஓரிடத்திலிருந்து ஆளும் தேவை எழுந்தது. விஎம்வெயார் நிறுவனம் 2003இல் வெளியிட்ட, பின்னர் விசென்ரர் எனப் பெயர் பெற்ற மென்பொருள் இத்தேவையின் விளைவாகும்.

புதிய வழங்கியை இம்மையத்துடன் இணைக்கும் முறை எளிது. வழங்கியின் முகவரியும் தலைமைப் பயனரின் கடவுச்சொல்லும் மையத்துக்குத் தரப்படுகின்றன, சான்றிதழ் சரிபார்க்கப்படுகிறது, உரிமம் ஒதுக்கப்படுகிறது. இதன்பின் நிகழ்வதையே நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மையம் வழங்கியினுள் தனது முகவர் நிரலை நிறுவுகிறது. தனக்கெனக் கணக்கொன்றை அங்கு உருவாக்கி, அதன் கடவுச்சொல்லைத் தானே வைத்துக்கொள்கிறது. பூட்டு நிலை இயக்கப்படின் வழங்கியை அணுகும் வழி பெரும்பாலும் மையத்தினூடாகவே அமையும்.

மையம் செயலிழந்தாலும் மெய்நிகர்க் கணினிகள் தொடர்ந்து இயங்கும். ஆனால் அவற்றை நிறுத்தாமலே வேறு வழங்கிக்கு நகர்த்துதல் இயலாது. உழைப்பு வழங்கியிலும் அதனை நெறிப்படுத்தும் அதிகாரம் மையத்திலுமாகப் பிரிந்து நிற்பதை இங்கு காண்கிறோம்.

இப்பிரிவின் பொருளாதார உள்ளடக்கம் 2023இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் புறோட்கொம் நிறுவனம் விஎம்வெயாரை வாங்கியது. டிசம்பரில் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறையைப் புகுத்தியது. வன்பொருளின் உடைமையாளர் அதனை ஆளும் கருவிக்கு வாடகை செலுத்துவோராயினர்.

புறொக்ஸ்மொக்ஸ் என்னும் திறந்த மூல மென்பொருளிலோ, தனி மையமின்றியே, இணைந்த எந்த வழங்கியிலிருந்தும் முழுத் தொகுதியையும் ஆளலாம். மையப்படுத்தலின் பயனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் வழங்கியை ஒப்படைக்குமுன், அம்மையம் எவருடைய உடைமை என்பதை ஆராய்தல் இன்றியமையாதது.