அங்காடியில் நாமும் பங்காளி ஆகலாமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

அங்காடி என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. பகற்கடைகளை நாளங்காடி என்றும் இரவுக்கடைகளை அல்லங்காடி என்றும் நம் முன்னோர் வழங்கினர் என்பதை மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் நமக்கு அறிவிக்கின்றன. ஆனால் அந்நாளைய அங்காடியில் பொருளைத்தான் வாங்க முடிந்ததே தவிர, அங்காடியையே சிறு சிறு துண்டுகளாக்கி விலைக்கு வாங்க முடிந்ததில்லை. இன்று அது முடிகிறது. பேரங்காடிகளை நடத்தும் நிறுவனங்கள் தம் மூலதனத்தைப் பல கோடிப் பங்குகளாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் பதிவு செய்துள்ளன. செஞ்சியிலோ சீயமங்கலத்திலோ வாழும் ஒருவர் கூட, டிமேட் கணக்கு ஒன்று தொடங்கினால், அவற்றுள் ஒன்றை வாங்கிவிடலாம். பதினெட்டு வயது நிரம்பாத நமக்கே பெற்றோரைக் காப்பாளராகக் கொண்டு கணக்குத் தொடங்க வழியுண்டு.

வாங்க முடியும் என்பது சரி. வாங்கலாமா?

முதலில் பேரங்காடி எவ்வாறு பிழைக்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் இவ்வகையில் பெரும் வெற்றி கண்டது டி-மார்ட். இதை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர் இராதாகிருஷ்ண தமானி. அவரே பங்குச் சந்தையில் பெயர் பெற்ற முதலீட்டாளர். முதல் கடை 2002இல் மும்பையின் பவாய் பகுதியில் திறக்கப்பட்டது. 2025 மார்ச்சில் கடைகளின் எண்ணிக்கை 415. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் இருக்கின்றன. விளம்பரம் குறைவு, அலங்காரம் குறைவு. கடை பெரும்பாலும் சொந்தக் கட்டடம். ஆதலால் மாதா மாதம் வாடகை என்னும் பூதம் இல்லை. சரக்குக் கொடுப்பவர்களுக்கு விரைவாகப் பணம் கொடுத்துவிடுவதால் அவர்கள் விலையில் தள்ளுபடி தருகிறார்கள். அந்தத் தள்ளுபடி வாடிக்கையாளருக்குப் போகிறது. விலை மலிவாக இருப்பதால் கூட்டம் வருகிறது. கூட்டம் வருவதால் சரக்கு தேங்காமல் ஓடுகிறது.

இந்தச் சரக்கு ஓட்டந்தான் மளிகை வணிகத்தின் உயிர். நம் செஞ்சிக் கோட்டையில் இராஜகிரி அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியத்தை யாவரும் பார்த்திருப்பீர்கள். முற்றுகைக் காலத்தில் நெல் நாட்கணக்கில், மாதக்கணக்கில் அங்கே கிடக்க வேண்டும். கிடந்தால்தான் கோட்டை பிழைக்கும். பேரங்காடியோ நேர் எதிர். அங்கே ஒரு மூட்டை து.பருப்பு ஒரு மாதம் அசையாமல் கிடந்தால் அது நஷ்டக் கணக்கு.

இத்தனை சாமர்த்தியத்துக்கும் கிடைக்கும் இலாபம் எவ்வளவு தெரியுமா? 2024-25ஆம் ஆண்டில் அந்நிறுவனம் சுமார் 59,000 கோடி ரூபாய்க்கு விற்று, வரி போகச் சுமார் 2,700 கோடி ரூபாய் இலாபம் கண்டது. நூறு ரூபாய்க்கு விற்றால் நான்கரை ரூபாய்! கேட்பதற்குப் பெரிய தொகை. கையில் நிற்பதோ சிறு துளி. போட்டியாளர் ஒருவர் எதிரே வந்து, அவருக்காக விலையில் இரண்டே ரூபாய் குறைக்க நேர்ந்தால், வேறு செலவு குறையாத நிலையில், இலாபத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடும். மளிகைப் பங்குகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘சோறு உண்ணாதவர் யார், ஆகவே இத்தொழிலுக்கு அழிவில்லை’ என்பார்கள். தொழிலுக்கு அழிவில்லை என்பது உண்மையே. நடத்துகிறவருக்கு அழிவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது.

இனிப் பங்கின் விலையைப் பார்ப்போம். 2017 மார்ச்சில் டி-மார்ட் பங்கு ஒன்று 299 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு அளிக்கப்பட்டது. திரட்ட விரும்பிய தொகை 1,870 கோடி. வந்து குவிந்த விண்ணப்பங்களோ அதைப் போல் நூறு மடங்குக்கும் மேல். சந்தையில் பதிவான அன்றே விலை 600 ரூபாயைத் தாண்டியது. 2021 அக்டோபரில் 5,900 ரூபாயை நெருங்கியது. தொடக்கத்தில் 50 பங்கு கிடைத்தவர் கட்டிய தொகை 14,950 ரூபாய். நான்கரை ஆண்டில் அது ஏறத்தாழ மூன்று இலட்சம்.

இந்தக் கணக்கைத்தான் எல்லாரும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். மறுபக்கக் கணக்கு ஒன்று உண்டு. அந்த 2021 அக்டோபரில் ஆசைப்பட்டு உச்ச விலையில் வாங்கியவரை எண்ணிப் பாருங்கள். 2024 முடிந்தபோது விலை 3,600 ரூபாயை ஒட்டி நின்றது. நிறுவனம் நன்றாகவே நடந்தது, கடைகள் பெருகின, இலாபமும் வளர்ந்தது. அவருக்கு மட்டும் நஷ்டம். அந்த ஆண்டுகளில் நிறுவனம் ஈவுத்தொகையும் தரவில்லை, வந்த இலாபத்தைப் புதுக் கடைகளிலேயே போட்டது.

இது எப்படி? ஒரு பங்குக்கு ஓராண்டில் கிடைக்கும் இலாபத்தைப் போல் எத்தனை மடங்கு விலை கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். டி-மார்ட்டுக்கு அது பல காலம் ஏறக்குறைய நூறு மடங்கு. ஒரு ரூபாய் இலாபத்துக்கு நூறு ரூபாய் விலை! இலாபம் இப்படியே நின்றால், போட்ட பணத்துக்கு ஈடான இலாபம் வர நூறு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு கொடுப்பவர் இன்றைய இலாபத்துக்காகக் கொடுக்கவில்லை. நாளை அது பன்மடங்காகும் என்ற நம்பிக்கைக்காகக் கொடுக்கிறார். அந்த நம்பிக்கையில் சிறு கீறல் விழுந்தாலும் விலை சரியும். 2024 அக்டோபரில் அதுதான் நடந்தது. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சாமான் இறக்கும் பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட், செப்டோ முதலியவை பெருநகரங்களில் பரவி வந்த காலம் அது. இணையவழி மளிகையின் பாதிப்பு பெருநகரக் கடைகளில் தெரிகிறது என்று நிறுவனமே காலாண்டு முடிவுடன் தெரிவித்தது. அந்தக் காலாண்டிலும் இலாபம் முந்தைய ஆண்டை விடக் கூடுதல்தான். ஆயினும் அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் பங்கு விலை எட்டு சதவீதத்துக்கும் மேல் விழுந்தது.

மலிவு விலைப் போட்டி பெரியவர்களையும் விட்டுவைப்பதில்லை. இங்கிலாந்தின் மிகப் பெரிய பேரங்காடி டெஸ்கோ. அந்நாட்டுக்குள் ஜெர்மனியிலிருந்து 1990இல் ஆல்டியும் 1994இல் லிடலும் வந்தன. சிறிய கடை, குறைந்த வகைகள், தாழ்ந்த விலை. முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. 2008க்குப் பின் மக்கள் கையில் பணம் குறைந்தபோது கூட்டம் அங்கே திரும்பியது. 2014இல் டெஸ்கோவின் இலாபம் சரிந்தது. கணக்கில் இலாபத்தை மிகைப்படுத்திக் காட்டியதும் அதே ஆண்டு வெளிப்பட்டது. உலகப் புகழ் பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட் அந்தப் பங்குகளை விற்று வெளியேறியபோது அவருக்கு நேர்ந்த இழப்பு 44 கோடியே 40 இலட்சம் டாலர்.

அப்படியானால் மலிவுக் கடையின் பங்கையே வாங்கிவிட்டால் போயிற்று என்று தோழியர் சிலர் நினைக்கலாம். சுபிக்ஷாவை நினைவுபடுத்துகிறேன். 1997இல் சென்னையில் தொடங்கிய கடை அது. குளிர்சாதனம் இல்லை, பகட்டு இல்லை, பக்கத்துத் தெருவில் சிறிய இடம், விலை மலிவு. நம் பெற்றோர் பலர் அங்கே மளிகையும் மருந்தும் வாங்கியிருப்பார்கள். பத்தே ஆண்டில் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 1,600 கடைகள். அவ்வளவையும் கடன் வாங்கி அவசரமாகத் திறந்ததால், 2009 தொடக்கத்தில் கையில் ரொக்கம் வற்றிக் கடைகள் மூடப்பட்டன. ஊழியருக்குச் சம்பளம் இல்லை, சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பாக்கி. அதற்கு முந்தைய ஆண்டுதான் அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் பத்து சதவீதப் பங்கை 230 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. பிக் பஜார் நடத்திய ஃபியூச்சர் ரீடெய்ல் நிறுவனமும் கடன் சுமையாலும் கொரோனா முடக்கத்தாலும் தள்ளாடி, 2022இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. அது சந்தையில் பதிவான பங்கு. வைத்திருந்த சாதாரண மக்களின் பணம் கரைந்தே போனது. நிறுவனம் மூழ்கினால் வங்கிக்கும் மற்றக் கடன்காரருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் பங்குதாரருக்கு.

மலிவில் எல்லாரையும் மிஞ்சிய கடை ஒன்று நம் ஊரிலேயே உண்டு. ரேஷன் கடைதான்! 2011 ஜூன் முதல் அங்கே அரிசி இலவசம். இலவசத்தோடு எந்தப் பேரங்காடியும் போட்டியிட முடியாது. ஆகவேதான் அவை பொன்னியையும் பாசுமதியையும் அழகான பைகளில் விற்கின்றன.

இத்தனையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் எங்கள் வீட்டில் எழுந்த ஒரு விவாதம். என் தந்தையார் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். என் மேற்படிப்புக்கென அம்மா கட்டிவந்த சீட்டு முதிர்ந்தது. சென்னையிலிருந்து வந்த மாமா, அந்தப் பணம் முழுவதையும் பேரங்காடிப் பங்கில் போடலாம் என்றார். “நம் பிழைப்பைக் கெடுக்க வருகிறவனுக்கு நாமே முதல் கொடுப்பதா?” என்று அப்பா கோபித்துக்கொண்டார். மாமா சிரித்து, “மச்சான், அவன் வந்து உங்கள் வியாபாரம் குறைந்தால், அந்தப் பங்கிலாவது நாலு காசு வரட்டுமே” என்றார். எனக்கு மாமாவின் பேச்சு முதலில் நியாயமாகவே பட்டது. ஆனால் அப்பா கடைசியில் கேட்டதுதான் சரியான கேள்வி என்று இப்போது நினைக்கிறேன். “பாப்பாவுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் விலை விழுந்திருந்தால் என்ன செய்வாய்?” மாமாவிடம் பதில் இல்லை. மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்துக்கும் எப்போது வேண்டுமானாலும் விழக்கூடிய விலைக்கும் பொருந்தாது.

பங்கு என்றாலே ஏறி இறங்குவதுதானா? அல்ல. சென்னையில் 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்திலும் உறுப்பினர் பங்கு வாங்குகிறார். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் நெசவாளர் முதலியோர் சேர்ந்து நடத்திய கடைதான் இதற்கெல்லாம் முன்னோடி. அந்தப் பங்கு சந்தையில் ஏலம் போவதில்லை; எத்தனை பங்கு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான்; கடையில் பொருள் வாங்குகிறவரே கடையின் சொந்தக்காரர். பெரும் இலாபமும் இல்லை, இரவோடிரவாகப் பாதியாவதும் இல்லை.

எங்கள் வீட்டில் சீட்டுப் பணம் அஞ்சலக வைப்பில் போடப்பட்டது. அம்மா மட்டும் தம் தனிச் சேமிப்பிலிருந்து மூன்று பங்குகள் வாங்கியிருக்கிறார். அப்பாவும் தடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிறுவனத்தின் கணக்கு வெளியாகும்போது அதைப் படித்துச் சொல்வது என் வேலை. மொத்த விற்பனை ஏறியதா என்று நான் பார்ப்பதில்லை. புதுக் கடை திறந்தால் அது தானாகவே ஏறும். பழைய கடைகளில் விற்பனை சென்ற ஆண்டைவிட எவ்வளவு கூடியது, நூறு ரூபாய்க்கு நிற்கும் அந்த நான்கரை ரூபாய் நான்காகக் குறைந்ததா, இவ்விரண்டைத்தான் முதலில் தேடுகிறேன். அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் அதே இரண்டையும் எங்கள் கடைக்கும் கணக்குப் போடுகிறோம்.