கைப்பேசியின் மின்சக்தி எங்கே போகிறது?

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு ரயில் பயணச் சீட்டும், வங்கிக் கணக்கும், வீட்டாரின் குரலும் இன்று கைப்பேசி ஒன்றிலேயே அடங்கியிருக்கின்றன. மொழி பழகாத ஊரில் நள்ளிரவில் அது அணைந்துவிட்டால் நாம் படும் பாடு சொல்லுந்தரமன்று. பகலெல்லாம் படம் பார்த்தால் மாலையில் பேட்டரி தீர்வது இயல்பே. ஆனால், இரவில் தொடாமல் வைத்த கருவி காலையில் பெருமளவு சக்தியை இழந்து கிடந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். புதிய பேட்டரி வாங்க விரையுமுன் அக்காரணத்தை நாமே கண்டறியும் வழியைக் காண்போம்.

திரை அணைந்திருக்கும்போதும் கைப்பேசி முற்றிலும் உறங்குவதில்லை. செயலிகள் சில இணையத்தை அவ்வப்போது நாடுகின்றன; கருவியோ அருகிலுள்ள கோபுரத்துடன் தொடர்பை விடாமல் காத்து வருகிறது. இவற்றுடன் பேட்டரியின் முதுமையும் சேர, ஐயத்துக்குரியவை மூன்றாகின்றன. இவற்றைப் பிரித்தறிய மூன்று இரவுகள் போதும்.

முதல் இரவு, எதையும் மாற்றாமல், படுக்கும்போதும் எழும்போதும் பேட்டரியின் விழுக்காட்டைக் குறித்துக்கொள்வோம். இரண்டாம் இரவு, வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் மட்டும் அணைத்து வைப்போம்; ஊரிலிருந்து வரும் சாதாரண அழைப்புகள் அப்போதும் கிட்டும். இழப்பு வெகுவாகக் குறைந்தால் குற்றவாளி ஒரு செயலியே எனலாம். குறையாவிடில், மூன்றாம் இரவு ‘ஃப்ளைட் மோட்’ என்னும் விமானப் பயண ஏற்பாட்டில் வைப்போம். அப்போது இழப்பு நின்றால், கோபுரத் தொடர்பே காரணம். அப்பொழுதும் நிற்கவில்லையெனில், இணையமின்றியே உள்ளே இயங்கும் செயலியையோ பேட்டரியையோ ஐயுற வேண்டும். கருவியின் மென்பொருளைப் புதுப்பித்த ஓரிரு நாட்களில் மட்டும் இச்சோதனை வேண்டா. அந்நாட்களில் கூடுதல் செலவு இயல்பு.

செயலியே காரணமெனில் பரிகாரம் எளிது. அமைப்புகளில் பேட்டரிப் பகுதியைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு செலவிட்டதென்ற கணக்கு தெரியும். முதலிடத்தில் நிற்பது நாம் அதிகம் பயன்படுத்தாத செயலியானால், அதன் பின்னணி இயக்கத்தைத் தடுத்து, இருப்பிடம் அறியும் உரிமையைப் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று சுருக்கலாம்.

கோபுரத் தொடர்பு நம்மைப் போன்றோர் தனியே கருத வேண்டிய ஒன்றாகும். கோபுரம் தொலைவிலிருந்தால் கருவி தன் ஒலிபரப்புச் சக்தியைக் கூட்டுகிறது; அலையே கிட்டாவிடில் தேடித் தேடிக் களைக்கிறது. வங்கியின் கடவு எண் வருவதற்காக நம்மில் பலர் ஊர் சிம்மையும் உள்ளூர் சிம்மையும் ஒரே கருவியில் வைத்திருக்கிறோம். அவற்றுள் ஒன்றன் நிறுவனத்துக்கு நாம் வாழுமிடத்தில் அலை வலுவில்லையெனில், அந்த ஒரு சிம்மே இரவெல்லாம் சக்தியைத் தின்றுவிடும். அதனை அமைப்புகளில் அணைத்து வைத்து, தேவைப்படும்போது இயக்கலாம். எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி, 2015 ஜூலை முதல் நாடு முழுவதற்கும் விரிந்துள்ளது; அதனையும் நாடலாம். மலையும் காடும் சூழ்ந்த நெடிய ரயில் பாதைகளில் விமானப் பயண ஏற்பாடே நல்ல காவல்.

எஞ்சியது பேட்டரியின் முதுமை. லித்தியம் அயனிப் பேட்டரி, மின்னேற்றம் பெறுந்தோறும் சிறிது சிறிதாகக் கொள்ளளவு இழப்பது. வடநாட்டுக் கோடையின் வெப்பம் அதனை விரைவுபடுத்தும். முப்பது விழுக்காடு காட்டிய கருவி திடீரென அணைந்தால் மாற்றும் காலம் வந்ததெனலாம். பேட்டரி உப்பியிருந்தாலோ மின்னேற்றுவதை உடனே நிறுத்திப் பழுது பார்ப்போரிடம் சேர்க்க வேண்டும். அதனை அழுத்துவதும் குத்துவதும் தீ விபத்தில் முடியும்.

ஒரு வேளைக்கு ஒரு மாற்றம் என்பதே இச்சோதனையின் உயிர். பலவற்றை ஒருங்கே மாற்றினால் குறை தீரலாம். ஆயின் காரணம் விளங்காது, அக்குறை மீண்டும் வரும்போது நாம் தொடங்கிய இடத்திலேயே நிற்போம்.