டிராக்டரின் திரும்பு விளக்கும் பியூஸும்

கரும்பு வெட்டுக் காலத்தில் டிராக்டருக்குப் பகலும் இரவும் ஒன்றே. ஆலைக்குப் பாரம் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் வலப்புறம் திரும்பும்போது அதன் திரும்பு விளக்கு எரியாதாயின், பின்னே மோட்டார் சைக்கிளில் விரைந்து வருபவன் அதனை அறிய வேறு வழியில்லை. டிரைவர் கை நீட்டினும் கரும்புக் கட்டு மறைத்துவிடும். என்ஜினுக்கு எண்ணெய் மாற்றுவதில் காட்டும் கவனத்தில் காற்பங்கேனும் நம்மவர் இவ்விளக்குகளிடம் காட்டுவதில்லை.

விளக்குக் கெட்டால் உடனே பியூஸ் பெட்டியைத் திறப்பது வழக்கமாயிருக்கின்றது. அதற்குமுன் எந்த விளக்கு எரியவில்லை என்பதைப் பார்த்தல் வேண்டும். ஒரு பக்கம் கெட்டு மறுபக்கம் ஒழுங்காக மின்னினால் பியூஸ் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். குற்றம் அப்பக்கத்துப் பல்பிலோ எர்த்திலோதான். இரு பக்கமும் ஒருங்கே அணைந்திருந்தால் மாத்திரம் பியூஸ், பிளாஷர், ஸ்விட்ச் ஆகியவற்றை முறையே சோதிக்கலாம். சரியான விளக்கு நிமிஷத்திற்கு 60 முதல் 120 முறை மின்னும். இக்காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஒரு பல்பு போய்விட்டால் எஞ்சியது மிக வேகமாகப் படபடக்கும். பழைய 21 வாட் பல்பை எடுத்து எல்.இ.டி. பல்பைப் போட்டாலும் மின்சாரம் குறைவதால் இவ்வாறே நேரும், அது பழுதன்று.

இடப்புற விளக்கைப் போட்டால் பின்னுள்ள சிவப்பு விளக்கும் சேர்ந்து மின்னுவதைச் சிலர் விந்தையாகக் கூறுவர். எர்த் கெட்டதற்கு இதுவே அடையாளம். திரும்பிச் செல்லத் தன் வழி அடைபட்ட மின்சாரம் அடுத்த பல்பின் வழியே செல்கின்றது. டிரெய்லரின் கொக்கியையே எர்த்தாக நம்பியிருக்கும் வண்டிகளில் துருவும் கிரீஸும் சேர்ந்து இக்குறையை உண்டாக்கும். சர்வதேச முறைப்படி அமைந்த ஏழு முள் பிளக்கில் 1-ஆவது முள் இடப்புறத்திற்கும், 4-ஆவது வலப்புறத்திற்கும், 3-ஆவது எர்த்துக்கும் உரியவை. அந்த எர்த்துக் கம்பி அறுபடாதிருத்தல் அவசியம்.

பியூஸின் கணக்கு எளியது. 12 வோல்ட் வண்டியில் 21 வாட் பல்பு ஒன்று 1.75 ஆம்பியர் இழுக்கும். டிராக்டரில் இரண்டும் டிரெய்லரில் ஒன்றுமாக 5.25 ஆம்பியர். ஆகவே இவ்விளக்குகளுக்கு மட்டுமான வழியில் 10 ஆம்பியர் பியூஸ் தாராளமாகப் போதும். தட்டைப் பியூஸில் 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. வண்டிப் புத்தகத்தில் கண்ட அளவே போடத்தக்கது. எலி கடித்த கம்பி சட்டத்தில் பட்டுவிட்டால் பாட்டரி சில நூறு ஆம்பியரைக் கூடத் தள்ளவல்லது. மின்சாரம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். அந்நிலையில் பியூஸுக்குப் பதிலாக சிகரெட்டு ஈயத்தாளோ செம்புக் கம்பியோ இருந்தால், உருகுவது வண்டியின் கம்பிக் கட்டாகும். பக்கத்தில் டீசல் தொட்டி, கொட்டகையிலோ வைக்கோல். சில ரூபாய் பெறும் பியூஸை மிச்சம் பிடிப்பதற்கு இது பெருவிலை.

புதிய பியூஸ் போட்டதும் மீண்டும் போகின்றதா? மேலும் மேலும் போட்டுத் தீர்க்க வேண்டாம். பியூஸ் இருந்த இரு பிடிகளுக்கிடையே, கம்பி வைத்த ஒரு 21 வாட் பல்பை இணைத்து, சாவியையும் திரும்பு ஸ்விட்சையும் போடுக. பல்பு முழு ஒளியுடன் எரிந்தால் ஷார்ட் இருக்கின்றது. மின்சாரம் பல்பின் அளவுக்கு மேல் ஏறாதாகையால் கம்பிக்குச் சேதமில்லை. இப்போது டிரெய்லர் பிளக்கை உருவுக. ஒளி மங்கினால் குற்றம் டிரெய்லரில் உள்ளது. மங்காவிடில் டிராக்டரின் ஒவ்வொரு விளக்காகக் கழற்றி, கம்பியை மட்கார்டு மடிப்பிலும் இருக்கையின் அடியிலும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்க, ஓரிடத்தில் ஒளி தாழும். அங்கேதான் தோல் உரிந்திருக்கும். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பின்னரே அவ்விடத்தைப் பழுதுபார்க்க வேண்டும்.

உர மூட்டை ஏற்றும் டிரெய்லரில் உப்பும் ஈரமும் பட்டுப் பிளக்கின் முட்கள் பச்சை பூத்துவிடும். அவற்றை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சிறிது வாஸ்லைன் தடவி, டிரெய்லர் பூட்டாத நாட்களில் பிளக்கை வாய் கீழாகத் தொங்கவிடலாம். அரவை தொடங்குமுன் கிராம அதிகாரிகள் ஒரு மாலையில் ஊர் டிரெய்லர்களை வரிசையாக நிறுத்தி, இருட்டில் விளக்குகளைப் போட்டுப் பார்க்கச் செய்தால், கெட்டவற்றை ஒரு மணி நேரத்தில் கண்டுகொள்ளலாம்.