துவைத்து முடிந்தும் திறக்காத கதவு: இழுக்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்!

திருவனந்தபுரத்தில் இருந்து விதுரா வழியாக மலை ஏறினால், பஸ் போய் நிற்கும் கடைசி இடம் போனக்காடு. அகத்தியர் மலைக்குப் போகிறவர்கள் நடையைத் தொடங்குவதும் இங்கிருந்துதான். வெள்ளைக்காரர் காலத்தில் உண்டான தேயிலைத் தோட்டம் இது. கொழுந்து பறிக்கத் தமிழ்ச் சீமையில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்து லயங்களில் குடி வைத்தார்கள். பிறகு தோட்டம் நொடித்தது. தொழிற்சாலை பாழடைந்தது. கூலி நின்றுபோகவே, பிழைப்பைத் தேடிப் பலர் கீழே இறங்கினார்கள்.

லயத்தில் துணி துவைக்க ஒரு கல்லும் ஒரு குழாயும் போதும். கதவும் இல்லை, பூட்டும் இல்லை. நகரத்தில் அப்படி அல்ல. வீட்டு வேலைக்குப் போகும் இடத்திலும், இளைஞர்கள் தங்கும் விடுதியிலும், குமாஸ்தா ஒருவர் தவணையில் வாங்கி வாடகை வீட்டில் வைத்திருக்கும் மூலையிலும், முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு போட்ட வாஷிங் மெஷின் நிற்கிறது. போனக்காட்டு மலைகளுக்குக் கீழே, கரமனை ஆற்றின் குறுக்கே 1983-ல் பேப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டது. அந்த ஆற்றுத் தண்ணீர்தான் குழாய் வழியாக நகரத்துக்கு வந்து, கண்ணாடிக்குப் பின்னால் துணியோடு சுற்றுகிறது.

சுற்றி முடிந்தது. மணியும் அடித்துவிட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை!

"சேச்சி, கதவு வரமாட்டேங்குதே" என்று வேலைக்காரப் பெண் கூப்பிடுகிறாள். "பலமாக இழு" என்று பதில் வருகிறது. இழுத்தால் பிளாஸ்டிக் கைப்பிடி கையோடு வந்துவிடும். பழி யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாதச் சம்பளத்தில் பிடித்தம் என்ற பேச்சும் கிளம்பும். சொந்த மெஷின் வைத்திருப்பவருக்கு வேறு வகைக் கஷ்டம். சட்டையும் கால்சட்டையும் உள்ளே சிக்கியிருக்க, காலையில் ஆபீசுக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது?

பெரும்பாலான சமயங்களில் கெட்டுப்போயிருப்பது கதவே அல்ல. உள்ளே ஏதோ ஒன்று சரியாக இல்லை என்பதால் கதவு திறக்க மறுக்கிறது. அந்த ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்தால் கைப்பிடியும் மிஞ்சும், மெக்கானிக்குக்குக் கொடுக்கும் காசும் மிஞ்சும்.

பூட்டு எதற்காக?

பிழிகிற நேரத்தில் இந்த மெஷினின் டிரம் நிமிடத்துக்கு 1,200 முறை வரை சுற்றும். சில மெஷின்களில் இன்னும் அதிகம். டிரம்மின் குறுக்களவு அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் விளிம்பு மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது என்று கணக்கு வருகிறது. போனக்காட்டு மலைப்பாதையில் பஸ் போகும் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்போது யாராவது கையை விட்டால் கை தப்பாது. தண்ணீர் நிறைந்திருக்கும்போது கதவு திறந்தாலோ, வீடு முழுவதும் வெள்ளம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். 2017 பிப்ரவரியில் டெல்லி ரோகிணி பகுதியில் மூன்று வயது இரட்டைக் குழந்தைகள் இருவர், தண்ணீர் இருந்த சலவை எந்திரத்தில் விழுந்து இறந்துபோனார்கள். எந்திரத்தின் கதவைப் பூட்டி வைப்பது வீண் பிடிவாதம் அல்ல என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

பூட்டு வேலை செய்யும் விதம் எளிமையானது. பல மெஷின்களில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதற்குள் மாத்திரை அளவில் ஒரு சூடேற்றி. மின்சாரம் வந்ததும் அது சூடாகி, இரண்டு உலோகம் சேர்த்து ஒட்டிய தகட்டை வளைக்கிறது. தகடு ஒரு முளையைத் தள்ளிக் கொக்கியைப் பூட்டிவிடுகிறது. மின்சாரம் நின்று தகடு ஆறினால்தான் பூட்டு விடும். அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். வேகமாகச் சுற்றிய டிரம் நிற்பதற்கு அந்த அவகாசம் தேவை. ஆகவே மணி அடித்த உடனே கதவைப் போட்டு இழுப்பது அவசரக்காரத்தனம். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் வேறு வேலையைப் பார்க்கலாம். பல வீடுகளில் இதோடு விஷயம் முடிந்துவிடும்.

புதிய மெஷின்கள் சிலவற்றில் தகட்டுக்குப் பதில் காந்தச் சுருள் பூட்டு. அது சும்மா ஆறித் திறக்காது. மெஷினே உத்தரவு கொடுத்தால்தான் திறக்கும். மறுபடி மின்சாரம் கொடுத்து, 'பிழிதல்' அல்லது 'தண்ணீர் வெளியேற்றுதல்' மட்டும் ஓடவிட்டால், முடிவில் அந்த உத்தரவு வரும்.

தண்ணீரைப் பாருங்கள்

ஐந்து நிமிடம் கழித்தும் திறக்கவில்லையா? கண்ணாடி வழியாக உள்ளே பார்க்க வேண்டும். அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் காரணம் அகப்பட்டுவிட்டது. தண்ணீர் இருக்கும்வரை கதவைத் திறக்க மெஷின் இடம் கொடுக்காது.

தண்ணீர் ஏன் போகவில்லை? முதலில் பின்பக்கத்து ஹோசைப் பார்க்கலாம். இடுக்கான அறையில் மெஷினைச் சுவரோடு தள்ளி வைத்து ஹோசை மடக்கிவிட்டிருப்பார்கள். அல்லது வடிகால் துளைக்குள் அளவுக்கு மீறித் திணித்திருப்பார்கள். அது சரியாக இருந்தால், அடுத்த குற்றவாளி ஃபில்டர்.

மெஷினின் முன்பக்கம் கீழ் மூலையில், பெரும்பாலும் வலது பக்கம், ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்தால் கையால் திருகும் ஃபில்டர் தெரியும். அதற்குள் அகப்படும் பொருட்களைப் பார்த்தால் சிரிப்பு வரும்: ஒரு ரூபாய் நாணயம், சேப்டி பின், சட்டைப் பொத்தான், ஹேர்பின், பஸ் டிக்கெட் கூழ், குழந்தையின் ஒற்றைக் காலுறை. பாக்கெட்டைத் தடவிப் பார்க்காமல் துணியைப் போட்டதன் பலன்.

ஃபில்டரை உடனே திருகிவிடக் கூடாது. பிளக்கைக் கட்டாயம் பிடுங்கியிருக்க வேண்டும். வெந்நீரில் துவைத்திருந்தால் தண்ணீர் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையேல் கை வெந்துவிடும். சில மெஷின்களில் ஃபில்டருக்குப் பக்கத்தில் அடைப்பு மாட்டிய மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். அதைத் தட்டையான தட்டுக்குள் விட்டு, தட்டு நிறைய நிறைய ஊற்றிவிட்டு வடிக்கலாம். பொறுமை வேண்டும், பத்து லிட்டருக்கு மேலும் வரும். அந்தக் குழாய் இல்லாவிட்டால், பழைய துணியைத் தரையில் பரப்பி, ஃபில்டரை அரைச் சுற்றுத் தளர்த்தி, கசியவிட்டு வடிக்க வேண்டும். பிறகு கழற்றிக் கழுவி, உள்ளே விரலை விட்டுச் சிக்கியதை எடுத்து, மறுபடி இறுக்கமாகப் போட வேண்டும்.

தண்ணீர் துளியும் இல்லை, இருந்தும் கதவு பூட்டியே கிடக்கிறது என்றால், பூட்டுப் படமோ குழந்தை முகமோ போட்ட விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது நல்லது. குழந்தைகள் பொத்தானை அமுக்காமல் தடுக்கும் ஏற்பாடு அது. உரிய பொத்தானைச் சில விநாடி அமுக்கிப் பிடித்தால் விலகும். சோப்புத் தூளை அள்ளிக் கொட்டி நுரை பொங்கினாலும் மெஷின் குழம்பும். நுரை அடங்கப் பொறுத்திருந்து, தூள் போடாமல் ஒரு முறை அலசி ஓடவிடலாம்.

மின்சாரம் போனால்

மழைக்காலத்தில் பாதி சலவையில் மின்சாரம் போவது மலையோர ஊர்களுக்குப் புதிதல்ல. இங்கேதான் ஒரு ஆபத்து. தகட்டுப் பூட்டு, மின்சாரம் இல்லாவிட்டால் தானாக ஆறி விட்டுவிடக் கூடும். உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தாலும் அதற்குத் தெரியாது! ஆகையால் இருட்டில் கதவைத் தொடும் முன் டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்த்துவிட வேண்டும்.

துணி அவசரமாகத் தேவை, மின்சாரமும் வரவில்லை என்றால், கீழ் மூடிக்குள்ளேயே பல மெஷின்களில் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாடா வைத்திருக்கிறார்கள். தண்ணீரை வடித்துவிட்டு அதை மெதுவாகக் கீழ்நோக்கி இழுத்தால் கொக்கி விடும். எல்லா மெஷினிலும் இது இல்லை. கூடவே வந்த புத்தகத்தில் படம் இருக்கும். அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரனிடம் போடாமல் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள்.

திருப்புளியையோ கத்தியையோ கதவு இடுக்கில் விட்டு நெம்புவது மட்டும் கூடாது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்தால் அதற்குப் பிறகு ஒவ்வொரு சலவையிலும் தண்ணீர் ஒழுகும்.

இத்தனையும் செய்து பலன் இல்லை என்றால் பூட்டுப் பெட்டியே பழுது. மெக்கானிக்கைக் கூப்பிடத்தான் வேண்டும். வேலையை ஆரம்பிக்கும் முன் கூலி என்ன, சாமான் விலை என்ன என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்வதும், மாற்றிய பழைய பூட்டைத் திரும்பக் கேட்டு வாங்குவதும் பின்னால் சண்டையைத் தவிர்க்கும். பூட்டுப் பழுது தேய்மானத்தால் வருவது என்று அவர் வாயாலேயே வீட்டுக்காரர் காதில் விழும்படி சொல்ல வைத்துவிட்டால், வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்துக்கும் ஆபத்து இல்லை.

எந்திரம் மொத்தமாக உயிரை விட்டு, கொல்லைப்புறத்துக்குப் போகும் நாளும் ஒன்று வரும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் வீசி எறிந்த குளிர்சாதனப் பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள், வெளிப்பக்கம் மட்டுமே திறக்கும் கதவு மூடிக்கொண்டதால் மூச்சுத் திணறி இறந்தார்கள். உள்ளிருந்தும் திறக்கும்படி கதவு இருக்க வேண்டும் என்று 1956-ல் அங்கே சட்டம் போட்டார்கள். வாஷிங் மெஷினின் டிரம்மும் ஒரு சிறு பிள்ளை உட்காரும் அளவுதான். பழைய மெஷினை வெளியே போடும் முன், நாலைந்து திருகாணிகளைக் கழற்றிக் கண்ணாடிக் கதவைத் தனியே எடுத்துவிட்டால் போதும்.